காணாமல் போன பதினாறு வோல்ட்

ஜனவரி 6

அன்புள்ள தங்கைக்கு,

இக்கடிதத்தில் நான் எழுதப்போவது:

1. உன் கடிதம் கிடைத்தது என்பது.
2. ஹீட்டர் ஏன் போதிய சூடு தரவில்லை. இதில் எனக்குத் தெரிந்ததும் தெரியாததும்.
3. நீ அளந்து அனுப்ப வேண்டியவை.
4. மச்சானின் கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது.
5. மற்றவை.

முதலாவது. கிடைத்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் மச்சானுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எண்ணி, பிரிக்கத் துணியாமல் மேசைமேல் வைத்திருந்தேன். ஹீட்டர் விஷயம் என்று தெரிந்ததும்தான் மூச்சு வந்தது. தொலைபேசியில் பேசினால் என்ன என்று கேட்டிருக்கிறாய். என் காது முன்போல் இல்லை. அதிலும் எண்கள்தான் மோசம். எட்டு என்றால் பத்து என்று விழுகிறது. இந்த விஷயத்தில் எட்டுக்கும் பத்துக்கும் வித்தியாசம் பெரிது. எழுத்தில் இருந்தால் எனக்குத் தைரியம்.

இரண்டாவது. நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். ஹீட்டர் புதிது. அதன் முதுகில் 230 வோல்ட், 2000 வாட் என்று போட்டிருக்கிறது. அதைப் போட்டதும் மாடி அறை பல்பு மங்குகிறது. கீழே உன் தையல் கூடத்துப் பல்பு மங்குவதில்லை. மச்சான் போர்வைக்குள்ளும் நடுங்குகிறார். அப்படியானால் ஹீட்டருக்குப் போய்ச் சேர வேண்டிய வோல்ட்டில் ஒரு பகுதி வழியிலேயே செலவாகிறது. வழி என்பது கீழே கரண்ட் மீட்டரிலிருந்து மாடி பிளக் வரைக்கும் உள்ள லைன். அதை இழுத்தவர் உன் மருமகன். இந்த வாக்கியத்தை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

மூன்றாவது. மருமகனின் கருவிப் பையில், கம்பியைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருக்கும். ஹீட்டரைப் போட்டுவிட்டு, மாடி பிளக்கில் எத்தனை வோல்ட், கீழே மீட்டர் அருகே எத்தனை வோல்ட், ஹீட்டர் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்து எழுது.

நான்காவது. கட்டிலின் தலைமாடு பிளக் பலகைக்குக் கீழே இருப்பதாக நினைவு. எதற்கும் இருக்கட்டும், எதிரே ஜன்னல் பக்கச் சுவருக்கு மாற்றிவிடு. அந்தச் சுவரில் ஸ்விட்சோ பிளக்கோ எதுவும் இல்லை.

ஐந்தாவது. எழுத நினைத்தேன். இப்போது வேண்டாம்.

அண்ணன்.

* * *

ஜனவரி 10

அண்ணாவுக்கு,

குறிப்பு ஐந்து, அதில் ஐந்தாவது காலி. நீங்கள் மாறவே மாட்டீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதியதால் எல்லாம் மறந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மாப்பிள்ளை வெளியூரில் ஒரு கட்டட வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறார், அடுத்த மாதக் கடைசியில்தான் வருவார். இன்னொரு வயர்மேனைக் கூப்பிட்டு அவர் போட்ட லைனைத் திறந்து காட்டினால் நாளைக்குத் தெருவே சிரிக்கும். என் மகள் முகத்தில் நான் எப்படி முழிப்பது? நீங்களோ தூரத்தில் இருக்கிறீர்கள், வெளியே சொல்லவும் மாட்டீர்கள். அதனால் எழுதினேன், அவ்வளவுதான்.

அவர் வீட்டில் விட்டுப்போன பையைக் கொடுக்கும்போதே மகள் கேட்டாள்: "எதுக்கும்மா இதெல்லாம்? மாமாவுக்கா? அவரைக் கேட்ட மாதிரி என்னையும் நிக்க வச்சு கேள்வி கேப்பாரா?"

அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? கல்யாணப் பேச்சுக்கு வந்த பையனிடம், அவன் வீட்டார் அத்தனை பேர் எதிரில், ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று கேட்டவர் நீங்கள். "இழுக்கற அளவுக்கு இழுக்கும் மாமா" என்று அவன் தமாஷாகச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும், "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாமே" என்றீர்கள். அன்றைக்குத்தானே உங்களை இந்தப் படி ஏற வேண்டாம் என்றேன்.

சரி, அளந்த கதை. ஹீட்டர் ஒயரைக் கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் விட்டேன். ஹீட்டர் செக்கச்செவேல் என்று எரிகிறது, மீட்டரில் பூஜ்யம். திருப்பி விட்டேன், பூஜ்யம். எனக்குப் பொத்தான் துளை தைத்து, காஜா எடுக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள், எல்லோரும் காஜாக்கா என்போம். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "கரண்டே இல்லாம எரியுதுன்னா பில்லும் வராது, சத்தம் போடாம விட்ருங்கக்கா" என்கிறாள். உங்கள் மீட்டர் ஆபீஸ் மூளைக்கு இது புரிகிறதா பாருங்கள்.

கட்டில் இப்போதைக்கு நகராது. அது உங்கள் மச்சானைவிடக் கனம்.

* * *

ஜனவரி 14

அன்புள்ள தங்கைக்கு,

பூஜ்யம் சரிதான். தவறு மீட்டரிலும் இல்லை, உன்னிடமும் இல்லை. நான் சொல்லாமல் விட்டதில்தான். ஹீட்டர் ஒயருக்குள் எர்த் போக இரண்டு கம்பிகள் உண்டு. ஒன்றில் மின்சாரம் போகிறது, மற்றதில் திரும்புகிறது. இரண்டையும் சேர்த்துக் கவ்வினால், போவதும் வருவதும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு ஒன்றுமில்லை என்று காட்டும். ஒரு கம்பியை மட்டும் கவ்வ வேண்டும்.

பழைய நீட்டிப்பு ஒயர் இருந்தால், பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு, வெளித்தோலை மட்டும் ஒரு சாண் நீளத்துக்குக் கீறி, உள்ளே இருக்கும் கம்பிகளைப் பிரித்து வை. ஹீட்டரை அதன் வழியாகப் போட்டால் ஒன்றை மட்டும் கவ்வலாம். உள்தோலில் கீறல் படக் கூடாது. பட்டதா என்று சந்தேகம் வந்தால் அந்த ஒயரை எறிந்துவிடு. உனக்குச் சந்தேகம் வராது என்று எனக்குத் தெரியும். எனக்காகவாவது சந்தேகப்படு.

அந்த இஸ்திரிப் பெட்டிக் கேள்வி பற்றி. எங்கள் மீட்டர் சோதனைக் கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்களை அப்படித்தான் கேட்போம். பேச்சைத் தொடங்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. இது சமாதானம் ஆகாது என்பதும் தெரியும்.

கட்டிலை மாற்றுவது பற்றி வற்புறுத்துவதாக நினைக்காதே. ஆனால் மாற்றிவிடு.

அண்ணன்.

* * *

ஜனவரி 18

அண்ணாவுக்கு,

ஒயரைத் தையல் பிரிக்கும் கத்தியால் பிரித்தேன். பட்டுத் துணியில் ஒரு நூல்கூட அறாமல் பட்டி பிரிக்கிற கை இது. ரப்பர் எம்மாத்திரம்? சந்தேகப்பட்டும் பார்த்தேன், திருப்தியா?

ஹீட்டர் எரியும்போது கீழே மீட்டர் பக்கத்தில் 228. மாடி பிளக்கில் 212. ஆம்பியர் சரியாக 8. ஹீட்டரை அணைத்தால் மாடியிலும் 228 வந்துவிடுகிறது.

கட்டிலையும் மாற்றிவிட்டோம். நானும் காஜாக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அவரை அதிலேயே படுக்கவைத்தபடி இழுத்தோம். "மாஸ்டர், வண்டி கிளம்புது, டிக்கெட் எடுங்க" என்று காஜாக்கா சொன்னதும் அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது. பக்கவாதம் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான். இப்போது வலது பக்கம் ஜன்னல் சுவரை ஒட்டி இருக்கிறது. அந்தப் பக்கம்தான் உணர்ச்சி இல்லாத பக்கம். உணர்ச்சியுள்ள இடது கை என் பக்கம் இருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள வசதி.

எங்கே தப்பு என்று எழுதுங்கள். அவர் மேல்தான் போடப்போகிறீர்கள் என்று தெரியும். இருந்தாலும் எழுதுங்கள்.

* * *

ஜனவரி 22

அன்புள்ள தங்கைக்கு,

கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். படிப்படியாக எழுதுகிறேன்.

ஹீட்டரின் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் அதன் தடை வரும். 212ஐ 8ஆல் வகுக்க, 26.5 ஓம். அதன் முதுகில் எழுதியிருப்பதற்கு இதுதான் பொருந்தும். ஆகவே ஹீட்டரில் குறையில்லை, கடைக்காரரைத் திட்டுவதை நிறுத்தலாம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் அது செலவழிக்கும் வாட் வரும். 212 பெருக்கல் 8, 1696 வாட். இரண்டாயிரத்துக்கு முந்நூறு குறைகிறது. மச்சானுக்குக் குளிர்வது அதனால்தான்.

இனி வழியில் காணாமல் போனது. 228இல் 212 போக, 16 வோல்ட். லைனிலும் ஓடுவது அதே 8 ஆம்பியர். 16ஐ 8ஆல் வகுக்க, 2 ஓம். பெருக்க, 128 வாட். அதாவது பழைய குண்டு பல்புகள் இரண்டு எரிகிற அளவு சூடு உங்கள் சுவருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ஃபியூஸ் இதைத் தடுக்காது. அது அளவுக்கு மேல் ஆம்பியர் போகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். எட்டு அதற்கு அளவுக்கு உட்பட்டது.

பயப்படாதே. லைன் போக இருபது, வர இருபது, ஆக நாற்பது மீட்டர் இருக்கும். 128 வாட்டை நாற்பது மீட்டருக்குப் பங்கிட்டால் மீட்டருக்கு மூன்று வாட் சொச்சம். சுவர் அதைக் குடித்துவிடும். கை வைத்தால் தெரியக்கூடத் தெரியாது.

காரணம், போட்டிருக்கும் கம்பி மிக மெல்லியது. நாற்பது மீட்டரில் 2 ஓம் வர வேண்டுமானால் அது அழைப்பு மணிக்குப் போடும் கம்பி அளவுக்குத்தான் இருக்க முடியும். அவ்வளவு மெல்லிய கம்பியை யாராவது லைனுக்குப் போடுவார்களா என்று ஒரு கணம் தயங்கினேன். ஆனால் விடை அப்படித்தான் வருகிறது. மருமகன் வந்ததும் தடித்த கம்பியாக மாற்றச் சொல். அதுவரை ஹீட்டரின் இரண்டு சுருளில் ஒன்றை மட்டும் போடு. குளிர் பொறுக்க முடியாவிட்டால் இரண்டையும் போடலாம்.

மச்சான் சிரித்தார் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தைக் கணக்கைவிட அதிக முறை படித்தேன்.

அண்ணன்.

* * *

ஜனவரி 28

அண்ணாவுக்கு,

மணிக் கம்பி என்று நீங்கள் எழுதியதை மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் இந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள்.

ஆனால் ஒரு விஷயத்துக்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கட்டிலை மாற்றியது நல்லதாகப் போயிற்று. இப்போது அவர் நடுங்குவதே இல்லை. உடம்பை எப்படியோ இழுத்து இழுத்து, சுவரோடு சுவராக ஒட்டிப் படுத்துக்கொள்கிறார். இந்தப் பக்கம் திருப்பிவிட்டால் "ம்ம்" என்று கோபம் வருகிறது. திரும்பவும் அங்கேயே போய்விடுகிறார். "மாஸ்டருக்குச் சுவரு மேல காதல் வந்துருச்சு, உங்கள விட்டுட்டார்க்கா" என்று காஜாக்கா கேலி செய்கிறாள். எனக்கும் கொஞ்சம் பொறாமைதான். முப்பது வருஷம் பக்கத்திலே படுத்தவளைவிட அந்தச் சுவர் என்ன கொடுத்துவிட்டது?

ஆனால் ஹீட்டர் இன்னும் சோம்பேறி ஆகிவிட்டது. இரண்டு சுருளையும் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். நேற்று மறுபடி அளந்தேன். மாடியில் 206, ஆம்பியர் 7.8. கீழே அதே 228. பல்பு சில சமயம் கண் சிமிட்டுகிறது.

இவர் கொஞ்சம் தேறட்டும். பிறகு நீங்கள் ஒருமுறை வந்து பார்க்கலாம். வாசல் வரைக்கும் என்றாவது வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

பிப்ரவரி 1

அன்புள்ள தங்கைக்கு,

வாசல் வரைக்கும் என்பதே எனக்குப் போதும். சட்டை ஒன்றைத் தேய்த்துத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

புதிய எண்கள் பற்றி. இப்போது காணாமல் போவது 22 வோல்ட். 7.8ஆல் வகுத்தால் 2.8 ஓம் வருகிறது. போன முறை 2 ஓம். சுவருக்குள் இருக்கும் கம்பி சில நாளில் மெலிந்து போகாது. அதன் தடை இப்படி ஏறவும் முடியாது. ஆகவே அளவில்தான் பிழை. மீட்டரின் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும். அப்போது எண்கள் தப்பும். பேட்டரியை மாற்றிவிட்டு அளந்து பார். அவசரமில்லை.

மச்சான் நடுங்குவதில்லை என்பதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

அண்ணன்.

* * *

பிப்ரவரி 5

அண்ணா,

மீட்டர் ஒன்றுதான், பேட்டரியும் ஒன்றுதான். கீழே அதே பேட்டரி 228 காட்டியது. மாடிப்படி ஏறும்போது மட்டும் அது தீர்ந்துவிடுமா? உங்கள் கடிதம் வந்த அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை அவருக்குச் சட்டை மாற்றும்போது வலது கையைத் தூக்கினேன். உள்ளங்கை சுவரைவிட்டு வரவில்லை. இழுத்தேன், தோல் அங்கேயே நின்றுவிட்டது. நான் கத்தினேன். அவர் என்னைப் பார்த்து, என்ன ஆயிற்று என்பதுபோல் முழித்தார். அவருக்குத்தான் அந்தக் கையில் ஒன்றும் தெரியாதே. ஆயிரக்கணக்கில் துணி வெட்டின கை அண்ணா அது. கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்த இடம் எல்லாம் வெந்து கிடந்தது.

அந்த இடத்தில் சுவர் வண்ணத்திலேயே பெயின்ட் அடித்த ஒரு மரமூடி இருக்கிறது. எனக்கே மறந்துவிட்டது. நடுவில் பழுப்பாகக் கருகியிருந்தது. மெயினை அணைத்துவிட்டு மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினேன். வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். மூடியைத் திறந்தால் உள்ளே ஜாயின்ட். இந்த வீட்டின் பழைய அலுமினியக் கம்பியோடு அவர் புதுச் செம்புக் கம்பியை முறுக்கிச் சேர்த்த இடம். கரியாகி, தொட்டதும் உதிர்ந்தது. முழுக்கப் புதுக் கம்பியாக இழுத்துவிடலாம் என்றுதான் அவர் அப்போது சொன்னார். பெயின்ட் அடித்த சுவரை உடைக்காதே, இருப்பதோடு சேர்த்துவிடு என்றவள் நான்.

கம்பி ஒன்றும் மணிக் கம்பி இல்லை. நல்ல தடித்த கம்பி. இழுத்துக் காட்டினார்.

டாக்டர் கட்டுப் போட்டிருக்கிறார். இரண்டு விரல் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார். இரண்டு வேளையாக மாப்பிள்ளை சாப்பிடவில்லை. கட்டிங் மேசைக்குக் கீழே பையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். "மாமா அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டார் அத்தை. எனக்கு இந்தத் தொழில் வராது. கேட்டா அவரே எழுதித் தருவார்" என்கிறார். இனிமேல் எந்த வீட்டிலும் கம்பியைத் தொட மாட்டாராம். மகள் அழுகிறாள்.

உங்கள் கணக்கில் யார் பெயர் வருகிறது என்று எழுதுங்கள். அவர் அதற்குத்தான் காத்திருக்கிறார். சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

* * *

பிப்ரவரி 8

அன்புள்ள தங்கைக்கு,

இதை மருமகன் எதிரில் உரக்கப் படி.

அந்த ஜாயின்ட் நல்ல ஜாயின்ட் அல்ல. அலுமினியத்தையும் செம்பையும் வெறுமனே முறுக்கிச் சேர்த்தால் நாளாக ஆக அது கெடும். தடை ஏறும், சூடு ஏறும், சூட்டால் இன்னும் கெடும். அதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும், சரிசெய்யவும் வேண்டும். இல்லை என்று நான் சொன்னால் அவரே நம்ப மாட்டார். ஆனால் அப்படிப்பட்ட ஜாயின்ட்டுகளை என் வேலைக்காலத்தில் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அவற்றைப் போட்டவர்கள் திருத்திக்கொண்டார்கள், தொழிலில் இருந்தார்கள். ஜாயின்ட் கெட்டதால் பல்பு மங்கும், ஹீட்டர் சோம்பும். அதனால் மட்டும் ஒருவர் கை வேகாது. அதற்கு ஒரு கையைக் கொண்டுபோய் அங்கே வைக்க வேண்டும்.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை எவ்வளவு என்று வரும். எங்கே என்று வராது. 2 ஓம், 128 வாட் என்பது சரியான விடை. அதை நாற்பது மீட்டருக்கும் சமமாகப் பரப்பியது எண்கள் அல்ல, நான். அத்தனையும் ஒரு பெருவிரல் அளவு இடத்தில் இருக்கலாம் என்பது சோதனைக் கூடத்தில் முதல் மாதமே சொல்லித்தருகிற பாடம்.

நீ 206 என்று எழுதினாய். 22 வோல்ட், 7.8 ஆம்பியர், பெருக்கினால் 172 வாட். கம்பியின் தடை சில நாளில் ஏறாது என்று நானே எழுதினேன். அதே வரியில் நான் கேட்டிருக்க வேண்டியது, ஏறுவது வேறு எது என்பதை. ஏறக்கூடியது ஜாயின்ட் ஒன்றுதான். அப்படி ஒப்புக்கொண்டால் மணிக் கம்பி என்று மருமகனைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெற வேண்டும். அதைவிட உன் பேட்டரியைக் குறை சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. மச்சான் சுவரை ஒட்டிப் படுக்கிறார், நடுங்குவதில்லை என்றும் எழுதினாய். ஹீட்டர் குறைந்துகொண்டே போகும்போது அவருக்குக் குளிர் எப்படி விட்டது என்று நான் யோசிக்கவில்லை. சந்தோஷப்பட்டேன்.

மருமகனிடம் சொல்: மாமா எழுதித் தர மாட்டார். மாமா எழுதித் தந்ததுதான் இந்த வீட்டில் நடந்திருக்கிறது. பையை மேசைக்கு அடியிலிருந்து எடுக்கச் சொல். அந்த லைனை அவரே முழுவதும் மாற்றட்டும். சுவரை உடைக்கட்டும், நீ பேசாமல் இரு.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். கட்டிலைச் சுவரைவிட்டுத் தள்ளிப்போட ஆள் வேண்டும். வாசலிலேயே நிற்கிறேன். உள்ளே விடுவது உன் விருப்பம். மச்சான் என்னைப் பார்க்க விரும்பவில்லை என்றால் அதையும் சொல்லிவிடு. அவர் கையை நான் பார்க்க வேண்டும், பார்க்க முடியுமா என்று தெரியவில்லை.

ஒரு திருத்தம். ஜனவரி ஆறாம் தேதிக் கடிதத்தின் நான்காவது குறிப்பு தவறு. ஜன்னல் பக்கச் சுவரில் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தேன். அந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்று உன்னைக் கேட்காமல் எழுதினேன்.

அண்ணன்.